துயரத்துக்கு ஆங்கிலம் இட்ட பெயர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸிட்டர் பேராலய நூலகத்தில் ஒரு தோல்சுவடி இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. 1072இல் இறந்த லியோஃப்ரிக் என்னும் ஆயர் அதைப் பேராலயத்துக்குக் கொடுத்தார். பழைய ஆங்கிலக் கவிதைகளைத் தாங்கி இன்றுவரை பிழைத்திருக்கும் பெருஞ்சுவடிகள் நான்கே. அவற்றுள் மிகப் பெரிய கவிதைத் தொகுப்பு இதுதான். ஆங்கிலத்தில் சோகத்தைச் சொல்ல எத்தனை சொற்கள் உண்டு என்று கேட்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்தச் சுவடி.

அதில் இரண்டு பாட்டுகள் முக்கியமானவை. சுவடியில் அவற்றுக்குத் தலைப்பு இல்லை. பிற்காலத்து அறிஞர்கள் ஒன்றுக்கு 'அலைந்து திரிபவன்' என்றும் மற்றொன்றுக்கு 'மனைவியின் புலம்பல்' என்றும் பொருள்படப் பெயர் வைத்தார்கள். முதல் பாட்டில் ஒரு வீரன் தன் தலைவனை மண்ணில் புதைத்துவிட்டு, உறவும் ஊரும் இல்லாமல், பனி மிதக்கும் கடலில் தனியே போகிறான். அவனைக் கவிஞர் சொல்லும் சொற்களில் பல கூட்டுச்சொற்கள். 'வின்டர்' என்ற சொல்லோடு துயரைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து, குளிர்காலம் போல் துயருற்றவன் என்று ஒரு சொல். 'மோட்' என்ற சொல்லோடு சேர்த்து, உள்ளம் துயருற்றவன் என்று இன்னொன்று. இரண்டாம் பாட்டில் கணவனைப் பிரிந்த பெண், வைகறையில் வந்து அழுத்தும் துயருக்கு ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறாள். இரவின் கடைசிப் பகுதியைக் குறிக்கும் 'ஊஹ்ட்' என்பது அதன் முன்பாதி. எல்லோரும் உறங்கும் அந்த நேரத்தில் விழித்துக் கிடப்பவர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ஈடான ஒற்றைச் சொல் இல்லை.

இக்கூட்டுச்சொற்களின் பின்பாதியில் வருவது 'கேர்' என்ற சொல்லின் மூதாதை. அன்று அது துயரத்தைக் குறித்தது. இன்று பராமரிப்பையும் அக்கறையையும் குறிக்கிறது. 'மோட்' என்பதுதான் இன்றைய 'மூட்'. அன்று அதற்கு உள்ளம், துணிவு, நெஞ்சுரம் என்றெல்லாம் பொருள்.

இன்று மந்தமான, மேகமூட்டமான ஒரு நாளை 'ட்ரியரி' என்பார்கள். அதன் பழைய வடிவத்துக்கு வேர், சிந்திய குருதியைக் குறிக்கும் ஒரு சொல். பெயோவுல்ஃப் காப்பியத்தில் அரக்கியின் ஏரியில் குருதி கலங்கிய நீருக்கு அந்த அடைமொழி வருகிறது. அலைந்து திரிபவனின் பாட்டிலோ அதே சொல் துயருற்ற மனத்துக்கு வருகிறது. ரத்தம் ஒழுகிய சொல் ஆயிரம் ஆண்டுகளில் சலிப்பூட்டும் பிற்பகலுக்கு அடைமொழியாக வெளிறிப்போனது. பரிதாபமான நிலையில் இருப்பவரைக் குறிக்கும் 'ரெட்ச்சட்' என்ற சொல்லின் வேர், நாடு கடத்தப்பட்டவனைச் சுட்டியது. அந்தச் சமூகத்தில் தலைவனும் சுற்றமும் இல்லாதவனுக்குச் சட்டமும் துணையில்லை, சோறும் உறுதியில்லை. ஆகவே நாடிழந்தவன் என்றாலே துயருற்றவன்தான். 'ஃபர்லோர்ன்' என்றால் முற்றிலும் இழக்கப்பட்டவர். 'பிரீவ்ட்' என்று இறந்தவரின் குடும்பத்தாரைச் சொல்கிறார்களே, அதன் பழைய பொருள் கொள்ளையடிக்கப்பட்டவர்.

சொல்லின் வேர் அதன் இன்றைய பொருளாகிவிடாது. அப்படி வாதிடுவது மொழியறிவுக்குப் பொருந்தாது. 'பிரீவ்ட்' என்று எழுதும் ஆங்கிலேயர் கொள்ளையை நினைத்து எழுதுவதில்லை. ஆனாலும் ஒரு சமூகம் துயரத்துக்குப் பெயர் வைத்த முதல் கணத்தில் எதை உற்று நோக்கியது என்பதை வேர் காட்டும். பழைய ஆங்கிலேயர் நோக்கியது நிகழ்ந்ததை: நாடு போனது, தலைவன் செத்தான், ரத்தம் சிந்தியது, பறிகொடுத்தான். துயரத்தின் பெயரிலேயே அதன் காரணமும் இருந்தது. இந்தக் காரணம் பிற்காலத்தில் எப்படிச் சொல்லிலிருந்து நழுவியது என்பதே ஆங்கிலத் துயரச்சொற்களின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தில் முதலில் படிக்கும் 'சேட்' என்ற சொல் துயரத்தைச் சொல்லப் பிறந்ததே அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயிறு நிரம்பியவன் என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'ஸாட்' இன்றும் உண்டு நிறைந்ததையே குறிக்கிறது. நிரம்பியவன் பிறகு கனத்தவன் ஆனான். கனத்தவன் உறுதியானவன், நிதானமானவன் ஆனான். பதினான்காம் நூற்றாண்டில் சாசர் இச்சொல்லை நிலைகுலையாத உறுதிக்குப் பாராட்டாகவும் பயன்படுத்துகிறார். அதே காலத்தில்தான் துயரப் பொருளும் வேரூன்றியது. கனம் என்ற பழைய பொருள் மட்டும் அடுக்களையில் ஒளிந்து வாழ்ந்தது: சரியாக உப்பாத ரொட்டியை வட்டார வழக்கில் 'சேட்' என்றார்கள், துணி தேய்க்கும் கனத்த இரும்புக்கு 'சேட் அயர்ன்' என்று பெயர். கழற்றி மாட்டும் கைப்பிடி கொண்ட இஸ்திரிப் பெட்டிக்கு அமெரிக்காவில் மேரி பாட்ஸ் என்ற பெண் 1871இல் காப்புரிமை வாங்கியபோதும் அது அந்தப் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்த 'கிரீஃப்' என்ற சொல்லும் கனம்தான். பாரத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'கிராவிட்டி' அதன் நெருங்கிய உறவு. முதலில் அது துன்பத்தையும் பிறர் இழைத்த தீங்கையும் குறித்தது. குறைதீர்க்கும் நாளின் அலுவலக ஆங்கிலத்தில் வரும் 'கிரீவன்ஸ்' அந்தப் பழம்பொருளை இன்றும் காப்பாற்றுகிறது. 'சாரோ', 'சாரி' இரண்டும் கேட்பதற்கு அக்காள் தங்கை போலிருந்தாலும் பிறப்பால் உறவில்லை. முன்னது பழைய 'சோர்க்'. ஜெர்மனின் கவலைச் சொல்லோடு உறவு. பின்னது புண்ணைக் குறிக்கும் 'சோர்' என்பதன் பிள்ளை. காலப்போக்கில் ஒலி நெருங்கி, பொருளும் நெருங்கியது.

கனமும் புண்ணும் யார் உடம்பிலும் நேரலாம். அடுத்து வந்த சொல்லோ துயரத்தை உடலுக்குள்ளே ஓடும் ஒரு நீரில் கொண்டுபோய் வைத்தது. 'மெலன்கலி' என்றால் கிரேக்கத்தில் கரும்பித்தம். கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் மரபினரும் பின்னர் கேலன் என்ற மருத்துவரும் வளர்த்த மருத்துவத்தில் உடலில் நான்கு நீர்கள். கரும்பித்தம் மிஞ்சினால் அச்சமும் துயரமும் காரணமின்றி வரும். 'காரணமின்றி' என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. துயரம் முதன்முறையாக நிகழ்விலிருந்து பிரிந்து நோயாகிறது.

எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் லண்டனின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் வைத்தியராக இருந்த டிமதி பிரைட், 1586இல் மெலன்கலி பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கரும்பித்தத்தால் வரும் துயரத்தையும், குற்றவுணர்வால் மனச்சாட்சி படும் வேதனையையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்பது அந்த நூலின் முக்கிய வாதம். முன்னதற்கு மருந்து உண்டு. பின்னதற்கு மருந்து கொடுப்பது வீண், ஆறுதல் வேறிடத்திலிருந்து வர வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியர் கட்டிய இந்த வரம்பு எவ்வளவு மதிப்புள்ளது என்பது இன்றைய மருத்துவக் கையேடுகளின் சண்டையைப் பார்க்கும்போது தெரிகிறது.

பிரைட்டுக்குப் பின் வந்தவர் ராபர்ட் பர்ட்டன். ஆக்ஸ்ஃபர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் வாழ்நாளைக் கழித்த பாதிரியார். கல்லூரி நூலகத்தையும் பார்த்துக்கொண்டவர். 1621இல் 'மெலன்கலியின் உடற்கூறு' என்ற பெருநூலை இளைய டெமாக்ரிட்டஸ் என்ற புனைபெயரில் வெளியிட்டார். பிறகு சாகும்வரை, அதாவது 1640வரை, பதிப்புக்குப் பதிப்பு அதைத் திருத்தியும் பெருக்கியும் வந்தார். தான் மெலன்கலியில் விழாமல் இருக்கவே மெலன்கலியைப் பற்றி எழுதுவதாக அவர் சொன்னார். அந்த நூலின் பெருமை அதன் காரணப் பட்டியலில் இருக்கிறது. பித்தம் மட்டும் போதாது அவருக்கு. வறுமை, நண்பரின் சாவு, அவமானம், சிறைவாசம், பொறாமை, கெட்ட காற்று, உணவு, நிறைவேறாத காதல், மதவெறி, படிப்பாளிகளின் ஓயாத வாசிப்பு என்று எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவருகிறார். கரும்பித்தக் கொள்கை தவறு என்று மருத்துவம் கைவிட்டு நெடுங்காலமாகிறது. ஆனால் ஒருவர் ஏன் துயருறுகிறார் என்ற கேள்வியை இத்தனை பொறுமையோடு கேட்ட நூல் ஆங்கிலத்தில் இன்னொன்று இல்லை. சாமுவேல் ஜான்சன், தான் எழ விரும்பியதைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகத் தன்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிய ஒரே நூல் இது என்று சொன்னதாக, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். 1755இல் ஆங்கிலத்துக்குப் பேரகராதி தந்த ஜான்சன், வாழ்நாள் முழுதும் இந்த நோயோடு மல்லுக்கட்டியவர். அவரும் நண்பர் ஹெஸ்டர் திரேலும் தங்கள் கடிதங்களில் அதை 'கறுப்பு நாய்' என்றார்கள். வின்ஸ்டன் சர்ச்சில் 1911இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்த நாயைக் குறிப்பிட்டதால், பலரும் அது சர்ச்சில் உருவாக்கிய பெயர் என்று நினைக்கிறார்கள்.

மெலன்கலி என்ற ஒரு சொல் போதாது என்று உணர்ந்த கவிஞர் தாமஸ் கிரே. 1742 மே 27 அன்று நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் தன்னுடையது கரும்பித்தமன்று, வெண்பித்தம் என்று எழுதி, அதற்கு 'லூக்கோகலி' என்று கிரேக்கத்தில் ஒரு பெயரும் படைத்தார். சிரிப்புக்கும் களிப்புக்கும் எட்டாத, ஆனால் வாழ்க்கையை ஓட்டப் போதுமான ஒரு மெல்லிய சோகம் அது. மற்றொன்று உண்மையிலேயே கருமையானது, அதுவும் தன்னை அவ்வப்போது பிடிப்பதுண்டு என்றும் எழுதினார். காசநோயால் வாடிய வெஸ்ட் ஜூன் 1ஆம் நாள் இறந்துபோனார். வயது 25. கிரே அவருக்காக ஒரு சானெட் எழுதினார். 1751இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற இடுகாட்டு இரங்கற்பாவிலும் அந்த இழப்பின் சாயலைப் பல வாசகர்கள் கண்டிருக்கிறார்கள். 'லூக்கோகலி' மொழியில் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டிய சொல்.

மருத்துவர்கள் உருவாக்கி மொழியில் நிலைத்த சொல்லும் உண்டு. 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாஸல் நகரில் அளித்த ஆய்வேட்டில், ஊரைவிட்டு வந்து ஏங்கி மெலிபவர்களின் நோய்க்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். 1770இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் இருந்த இயற்கையியலாளர் ஜோசஃப் பேங்க்ஸ், மாலுமிகள் ஊர் ஏக்கத்தில் வாடுவதையும் மருத்துவர்கள் அதை நாஸ்டால்ஜியா என்ற நோயாகக் கொள்வதையும் நாட்குறிப்பில் எழுதினார். அன்று அந்த நோயால் ஆட்கள் சாவதாகவும் நம்பினார்கள். இன்று பழைய பாட்டைக் கேட்டால் வரும் இனிய உணர்வுக்கு அந்தப் பெயர்.

மாலுமிகளையும் மருத்துவர்களையும் விட்டால், ஆங்கிலத்தின் சோக வழக்குகளில் பெரும்பாலானவை கீழ்நோக்கியே சாய்கின்றன. 'டவுன்' என்பார்கள், 'லோ' என்பார்கள், இதயம் மூழ்கியது என்பார்கள், சண்டையில் தோற்ற சேவலின் கொண்டை சரிவதை நினைத்துக் 'கிரெஸ்ட்ஃபாலன்' என்பார்கள். காற்றே வீசாமல் பாய்மரக் கப்பல்கள் நாள்கணக்கில் நிற்கும் நிலநடுக்கோட்டுக் கடற்பகுதிக்கு 'டோல்ட்ரம்ஸ்' என்று பெயர்; அந்தச் சொல் மனநிலையைக் குறித்த பிறகே கடலுக்குப் போனது. 'டவுன் இன் த மவுத்' என்றால் முகம் தொங்கியவர்.

சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் இந்த வழக்கைச் சுட்டி, வாயின் ஓரங்களைக் கீழே இழுக்கும் தசையை ஆராய்கிறார். ரயில் பெட்டியில் தன்னெதிரே உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறார். நிம்மதியாகத்தான் இருந்தார், ஏதோ யோசனை. வாயோரத் தசை மட்டும் மிகச் சிறிதாகச் சுருங்கியது. இவ்வளவு சிறிய அசைவுக்குப் பொருள் இருக்காது என்று டார்வின் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூதாட்டியின் கண்களில் நீர் தளும்பியது. எப்போதோ இழந்த ஒரு குழந்தையின் நினைவு வந்திருக்கலாம் என்று டார்வின் ஊகித்தார். தன் மகள் ஆனியைப் பத்து வயதில், 1851 ஏப்ரலில், மால்வெர்ன் நகரில் பறிகொடுத்தவர் அவர். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தில் அந்த ஊகத்தைப் படிக்க அவருக்கு உரிமை இருந்தது. அந்தத் தசையின் மருத்துவப் பெயர் 'டிப்ரஸர்'. கீழே அழுத்துவது என்று பொருள்.

'டிப்ரஷன்' அதே வேரில் வந்தது. மனம் தாழ்ந்திருப்பதை ஆங்கிலம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அப்படிச் சொல்லி வந்தது. ஆனால் நோயின் பெயராக அது அரியணை ஏறியது இருபதாம் நூற்றாண்டில். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் மனநல மருத்துவத்தை வழிநடத்திய அடால்ஃப் மேயர், மெலன்கலியா என்ற பழஞ்சொல்லைக் கைவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதிட்டார். நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் 1985இல் தன்னைத் தற்கொலையின் விளிம்புவரை தள்ளிய நோயைப் பற்றி 1990இல் ஒரு சிறு நூல் எழுதினார். அந்த மாற்றத்துக்காக மேயரை அதில் கடுமையாகச் சாடுகிறார். நிலத்தின் பள்ளத்துக்கும் பொருளாதாரச் சரிவுக்கும் பயன்படும் சவலைச்சொல் இந்தக் கொடுமைக்கு எப்படிப் பொருந்தும் என்பது அவர் கேள்வி. நோயை அனுபவித்தவரின் கேள்வி என்பதால் அதை எளிதில் தள்ள முடியாது.

மருத்துவம் மெலன்கலியாவை விட்டு டிப்ரஷனை நோக்கி நடந்த அதே காலத்தில், கறுப்பின அமெரிக்கர்கள் காரணத்தை விடாத ஒரு சொல்லை வளர்த்தார்கள். 'நீலப் பேய்கள்' என்று ஆங்கிலத்தில் மனச்சோர்வுக்கு ஒரு பெயர் உண்டு. அது சுருங்கி 'புளூஸ்' ஆனது. இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, கிழிந்த உடையில் ஒருவர் கிதார் தந்திகளின் மேல் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டார். 1912இல் 'மெம்ஃபிஸ் புளூஸ்', 1914இல் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்று ஹேண்டி அச்சிட்டார். 1920இல் மேமி ஸ்மித் நியூயார்க்கில் பாடிய 'கிரேஸி புளூஸ்' இசைத்தட்டின் பெருவிற்பனை, கறுப்பினப் பாடகிகளுக்குப் பதிவுக்கூடங்களின் கதவைத் திறந்தது. சார்லி பேட்டன் 1929இல் பதிவு செய்த பாட்டு, 1927இன் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைப் பற்றியது. பருத்திச் செடியைத் தின்னும் வண்டு, சிறை, கூலி, விட்டுப்போன காதலன், மூழ்கிய வீடு என்று புளூஸ் பாடல்கள் துயரத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எக்ஸிட்டர் சுவடியின் நாடிழந்தவனுக்கு மிக நெருங்கிய உறவினர்கள் இந்தப் பாடகர்கள்தான் என்பேன்.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, டிப்ரஷன் அறிகுறிகளின் பட்டியலாயிற்று. ஏன் என்று கேட்காமல், என்னென்ன, எத்தனை நாள் என்று கேட்கும் முறை. இரண்டு வாரம் நீடித்தால் போதும். உலகின் எந்த மூலையிலும் மருத்துவர்கள் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த அது உதவியது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. காரணத்துக்கு அதில் இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: அன்புக்குரியவரின் சாவு. அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் கையேடு விலக்கு வைத்திருந்தது. 2007இல் ஆலன் ஹார்விட்ஸ், ஜெரோம் வேக்ஃபீல்டு இருவரும் எழுதிய 'சோகத்தின் இழப்பு' என்ற நூல், வேலை போனவருக்கும் மணமுறிவு கண்டவருக்கும்கூட அந்த விலக்கு வேண்டும் என்று கேட்டது. நடந்தது எதிர்மாறு. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, சாவுக்கு இருந்த விலக்கையும் எடுத்துவிட்டது. துக்கத்தில் இருப்பவருக்குக் கடும் நோயும் சேர்ந்து வரலாம், அவருக்குச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது கையேட்டைத் தயாரித்தவர்கள் சொன்ன நியாயம். 2022இல் திருத்திய பதிப்பில் 'நீடித்த துக்கக் கோளாறு' என்ற புதிய பெயரும் சேர்ந்தது. பெரியவர்களுக்கு வரம்பு 12 மாதம்.

இந்த விவாதத்தில் நான் பிரைட்டின் பக்கம். நோயையும் இழப்பையும் வேறுபடுத்தும் சொற்கள் இரண்டும் மொழிக்கு வேண்டும். இழப்பின் பக்கத்துக்கு எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் ஒரு சான்று. அவர் தன் மனைவி ஜாய் 1960 ஜூலையில் புற்றுநோயால் இறந்த பிறகு சிறு குறிப்பேடுகளில் எழுதியவை, மறு ஆண்டு 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்ற நூலாயின. துக்கம் அச்சத்தைப் போலவே இருக்கும் என்று தனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்ற வியப்போடு அது தொடங்குகிறது. நூலை வெளியிட அவர் பயன்படுத்திய புனைபெயர் என். டபிள்யூ. கிளார்க். முதலிரண்டு எழுத்துகளும் யாரென்று அறியேன் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அந்த மொழியின் இலக்கியத்தில் ஊறிய பேராசிரியர், தன் துயரத்துக்கு அதன் போர்வையையே எடுத்துக்கொண்டார். நண்பர்கள் சிலர், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அந்த நூலை அவரிடமே பரிந்துரைத்தார்கள்.

தமிழர்களுக்கும் இந்தச் சொற்கள் அயலானவை அல்ல. 'மூட் அவுட்' என்பது இங்கிலாந்தில் யாருக்கும் புரியாது. அது நம் தெருக்களில் பிறந்த ஆங்கிலம். 'அப்செட்', 'ஃபீல் பண்ணாதே', 'லவ் ஃபெயிலியர்' எல்லாம் நம் வீட்டுச்சொற்கள். 'டிப்ரஷன்' அண்மைய வரவு. அதற்குத் தமிழில் மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருந்தும், செய்தித்தாள்கள் மன அழுத்தம் என்றே பெரும்பாலும் எழுதுகின்றன; வேலைப்பளுவுக்கும் அதே பெயர். தாயை இழந்து அழும் மகளை 'டிப்ரஷன்ல இருக்கா' என்று சொல்லும்போது அவள் துக்கத்தின் காரணம் மறைகிறது. உண்மையான நோயில் மாதக்கணக்காக உறக்கமும் உணவும் இழந்தவரை 'கொஞ்சம் மூட் அவுட்' என்று சொல்லும்போது அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகிறது. இரண்டும் கெடுதல், இரண்டாவது உயிரையே எடுக்கக் கூடியது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் டிப்ரஷன் என்று சொன்னால், அந்தச் சொல்லைப் பழகிப்போனதென்று கடந்துவிடாதீர்கள். என்ன நடந்தது, எத்தனை நாளாக என்று இரண்டையும் கேளுங்கள். பறிகொடுத்தவரானால் பக்கத்தில் இருங்கள். நோய் என்று தோன்றினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416; கட்டணம் இல்லை, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.